இந்தா, வாங்கிக்கோ

பந்து என் கையில் மாட்டியிருக்கிற தோல் கிளவுக்குள் வந்து விழுந்துவிட்டது, இனி இதைத் திருப்பி எறிய வேண்டும். அவ்வளவுதான் வேலை. பந்து போடுகிற ஜெபக்கனி எதிரே வட்டத்துக்குள் நின்று கையை நீட்டுகிறாள், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு டவுன் பஸ்ஸை நிறுத்தினால் சரியாக இருக்கும், அவ்வளவு பக்கம், சின்னப் பிள்ளைகூட எறிந்துவிடும், மட்டை பிடித்துக்கொண்டு யாரும் குறுக்கே நிற்கப் போவதில்லை. சாஃப்ட்பாலில் பிட்சர் போடுவாள், எதிராளி அடிக்காமல் விட்டால் மட்டைக்குப் பின்னால் இருக்கிற என்னைப் போன்ற கேட்சர் பிடிப்பாள், பிடித்ததைப் பிட்சருக்கே திருப்பிக் கொடுப்பாள், ஆட்டம் முழுக்க நடந்துகொண்டே இருக்கிற இந்தக் காரியத்தை ஸ்கோர் எழுதுகிறவர்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. எனக்கு இதுதான் பயம். முழு வேகத்தில் முகத்துக்கு நேராக வருகிற பந்தைக் கண்டு பயமில்லை, இடித்துத் தள்ளிவிட்டு ரன் எடுக்கலாம் என்று ஓடிவருகிறவளைக் கண்டு பயமில்லை, இரண்டாவது பேஸுக்கு நைசாக நழுவுகிறவளை உட்கார்ந்த இடத்திலிருந்தே எறிந்து அவுட் ஆக்கியிருக்கிறேன், அதெல்லாம் யோசிக்க நேரமில்லாத எறி, கை தானாகப் பார்த்துக்கொள்ளும். யோசிக்க நேரம் இருக்கிற இந்த ஒரு எறிதான் வர மாட்டேன் என்கிறது. எழுந்து நிற்கிறேன். முட்டி வலிக்கிறது, மாஸ்க்குக்குள் வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நிற்கிறது, துடைக்க முடியாது, துடைத்தால் நேரமாகும், நேரமானால் எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்கத்தான் செய்கிறார்கள். கேலரி ஆரம்பித்துவிட்டது. இந்தாஆஆ என்று ஊரே இழுக்கிறது. நான் கையைத் தூக்கினால் அவர்கள் இழுக்க ஆரம்பிப்பார்கள், பந்து கனியின் கிளவில் விழும்போது வாங்கிக்கோ என்று முடிப்பார்கள், கைதட்டுவார்கள், சிரிப்பார்கள், அவர்களுக்கு அது ஒரு பாட்டு. கை முன்னே போகிறது, எப்போது விரலைத் திறப்பது, இப்போதா, இல்லை இப்போதா, திறந்துவிட்டேன், பிந்திவிட்டது, பந்து தரையில் குத்தி கனியின் முழங்காலுக்கு எகிறுகிறது, அவள் காலை மடக்கி எப்படியோ அணைத்துப் பிடித்துவிட்டாள். வாங்கிக்கோ என்று கேலரி கத்துகிறது. சிரிக்கிறார்கள். மூன்றாவது பேஸில் நிற்கிற நெட்டச்சி சிரிக்கவில்லை. எதிர் டீம், நாகர்கோவில்காரி, குதிரைவாலாகத் தூக்கிக் கட்டிய கூந்தலோடு நிற்கிறாள், பந்து தரையில் குத்திய நேரத்தில் நான் நிற்கிற ஹோமைப் பார்த்து இரண்டு எட்டு எடுத்து வைத்துவிட்டுத் திரும்பிப் போகிறாள், திரும்பிப் போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வலது கையைப் பார்க்கிறாள்.

தெரிந்துவிட்டது அவளுக்கு. கடைசி இன்னிங்ஸ், நாங்கள் நாலு ரன், அவர்கள் மூன்று, இரண்டு பேர் அவுட், இன்னும் ஒரே ஒருத்தி அவுட் ஆனால் கோப்பை எங்களுக்கு, கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து இல்லாத ஒன்று. மூன்றாவது பேஸிலிருந்து ஹோமுக்கு ஒரே ஓட்டம். நான் எறிகிற பந்து கனியின் தலைக்கு மேலே போனால் போதும், நெட்டச்சி நடந்தே வந்துவிடுவாள், நாலுக்கு நாலு ஆகிவிடும், யாரும் அடிக்காமல், யாரும் ஜெயிக்காமல், நான் சும்மா திருப்பிக் கொடுத்ததில் போய்விடும். அதை நினைக்காதே. நினைக்காதே என்றால் மனசு அதைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஏழாம் வகுப்பில் அசெம்பிளியில் தினமும் நான்தான் செய்தி வாசிப்பேன், எந்தப் பயமும் கிடையாது, ஒருநாள் தலைமையாசிரியர் மைக்கை வாங்கி, இந்தப் பிள்ளை எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்தி எவ்வளவு அழகா மூச்சு விட்டு வாசிக்குது பாருங்க என்றார், எல்லாரும் கைதட்டினார்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் மைக் முன்னால் போய் நின்றால் மூச்சு எங்கே விடுவது என்று தெரியவில்லை. முக்கியச் செய்திகள் என்று சொல்லிவிட்டு மூச்சை விட்டேன், பிறகு வாங்கினேன், பிறகு மறுபடி வாங்கினேன், விட மறந்துபோய் நெஞ்சு அடைத்து, அடுத்த வாரம் வேறு பிள்ளை வாசித்தாள். பிறந்ததிலிருந்து விட்டுக்கொண்டிருந்த மூச்சு. ஒரு நல்ல மனுஷன் பாராட்டியதில் கெட்டுப்போனது. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

கனி தயாராகிறாள். நான் உட்கார்கிறேன், விரலால் சைகை காட்டுகிறேன், வெளிப்பக்கம், தாழ்வாக. இது பிடித்திருக்கிறது, இந்த உட்கார்ந்திருக்கிற நேரம், அவள் கை ஒரு சுற்று சுற்றி வந்து இடுப்புக்குப் பக்கத்தில் பந்து விடுபடுகிற நேரம், என் தலைக்குள் எதுவும் இருக்காது. மட்டை சுழல்கிறது, படவில்லை, பந்து கிளவில் அறைகிறது, உள்ளங்கை எரிகிறது. ஸ்ட்ரைக் என்கிறார் அம்பயர். கேலரி எழுந்து நின்று குதிக்கிறது, தகர ஷீட்டில் கால்கள் இடிக்கிற சத்தம். இவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள்? ஆடியில் நாங்கள் முதல் மாட்ச் ஆடியபோது பார்க்க வந்தது வாட்ச்மேன் அண்ணாச்சியின் ஆடுகளும், சத்தமில்லாத இடம் தேடிப் போன் பேச வந்த ஒரு எம்.காம். அக்காவும்தான். சாஃப்ட்பால் என்றால் மெத்தென்று இருக்குமா என்று கேட்டவர்கள் இந்தக் காலேஜில் நிறையப் பேர். வருஷா வருஷம் முதல் சுற்றில் தோற்றுவிட்டு ஆலங்குளத்தில் வேனை நிறுத்திப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவது எங்கள் டீமின் வழக்கம், அந்தப் பரோட்டாவுக்காகவே சேர்ந்தவர்கள் உண்டு, நானும்தான். இந்த வருஷம் எப்படியோ கனியின் கைக்கு ஒரு வேகம் வந்தது. பாளையங்கோட்டையில் ஜெயித்தோம். எங்கள் கோச் தங்கபுஷ்பம் மிஸ் நம்பாமல் ஸ்கோர் ஷீட்டை மூன்று தடவை பார்த்தார். அடுத்த மாட்சுக்குக் கனியின் கிளாஸ் பிள்ளைகள் வந்தார்கள், அதற்கடுத்து ஹாஸ்டல் முழுக்க வந்தது, பிறகு கேன்டீனைப் பூட்டிவிட்டு அவர்களும் வந்தார்கள், பிறகு ஆட்டோ ஸ்டாண்டு, பஜார், பெண்பிள்ளைகள் காலேஜுக்குள் ஆம்பிளைகளை விடலாமா என்று மீட்டிங் போட்டு, கிழக்குக் கேட் வழியாக விடலாம் என்று முடிவு செய்தார்கள். லோக்கல் சேனல்காரன் வந்தான். இன்று சாரல் விட்டுவிட்டு அடிக்கிறது, ஒருவரும் அசையவில்லை, குடை விரித்தவரைப் பின்னால் இருப்பவர் திட்டுகிறார். எங்களுக்காகத்தான் வந்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வருகிறது, சந்தோஷமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆடுகள் மட்டும் இருந்த மைதானத்தில் நான் ஒரு தடவைகூடத் தப்பாக எறிந்ததில்லை.

ஒரே ஒரு தடவை நழுவியது. கால் இறுதியில், கை வியர்த்து, ஒன்றுமில்லாத பந்து கனியின் தலைக்கு மேலே பறந்து சென்டர் ஃபீல்டுக்குப் போய்விட்டது. பேஸில் யாரும் இல்லை, நஷ்டம் எதுவும் இல்லை, கேலரி சிரித்தது, பாசமாகத்தான் சிரித்தது. அடுத்த எறிக்குக் கேன்டீன்காரர் எழுந்து, இந்தாஆஆ என்று இழுத்தார், கனி பிடித்ததும் பத்துப் பேர் வாங்கிக்கோ என்றார்கள். அதற்கடுத்த எறிக்கு நூறு பேர். அரை இறுதிக்குள் ஊர் முழுக்கப் படித்துவிட்டது. பஜாரில் மிளகாய் வாங்கப் போனால் கடைக்காரர் பொட்டலத்தை நீட்டி, இந்தாஆஆ என்கிறார், நான் வாங்கிக்கோ சொல்ல வேண்டுமாம். அதோ, கேலரிக்கு மேலே ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள், எங்கள் முப்பு என்று எழுதி, மாஸ்க்கைத் தலைமேல் தூக்கிவிட்டுக் கையை ஓங்கி நிற்கிற என் படம். முப்பிடாதி என்று அம்மன் பேர் வைத்த அப்பா அந்த ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். படத்தில் பந்து விரலிலிருந்து இன்னும் போகவில்லை. நான் எங்கே எறியப் பார்த்தாலும் கனியின் தலைக்கு நேர் மேலே அந்தப் படம் வந்து நிற்கிறது, அதைக் கட்டியவனை நாலு கேள்வி கேட்க வேண்டும், கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. ரஹ்மத் மட்டும் ஏதோ மோப்பம் பிடித்திருக்கிறாள். எங்கள் டீமில் மூன்றாவது பேஸைக் காக்கிறவள், கடையநல்லூர்க்காரி, ஒருநாள் பயிற்சி முடிந்து, "என்கிட்ட எறிட்டி, நான் கனிகிட்ட குடுத்துக்கிடுதேன்" என்றாள், ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் ரஹ்மத்துக்கு எறிவேன், அது நேராகப் போகும், ஏனென்றால் அதற்கு யாரும் பாட வருவதில்லை. மிஸ் அதை ஏதோ புது உத்தி என்று நினைத்துக்கொண்டார். ஆனால் மூன்றாவது பேஸில் எதிராளி நிற்கும்போது அந்தப் பக்கம் பந்து போகக் கூடாது என்பது மிஸ்ஸின் சட்டம். இப்போது நெட்டச்சி அங்கே நிற்கிறாள். ரஹ்மத் என்னைப் பார்த்து, என்ன செய்யப்போகிறாய் என்பதுபோல் தாடையை உயர்த்துகிறாள்.

டைம் கேட்கிறேன். அம்பயர் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தியதும் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கனியிடம் நடக்கிறேன். நடப்பது எவ்வளவு சுகமாக இருக்கிறது. பந்தை அவள் கையில் வைக்கிறேன். இவ்வளவுதான், கொடுத்தாயிற்று, யாரும் சாகவில்லை. கேலரி, ஏஏஏ என்று குறைப்படுகிறது.

"என்னட்டி?" என்கிறாள் கனி.

"ஒண்ணுமில்ல, பந்துல மண்ணு ஒட்டியிருக்கு. தொடச்சுக்கோ."

அவள் பந்தைத் திருப்பிப் பார்க்கிறாள். மண் இல்லை. என்னைப் பார்க்கிறாள். "மொகம் ஏன் இப்டி வெளுத்துப் போயிருக்கு?"

"மாஸ்க் போட்டா அப்டித்தான் தெரியும். நீ தாழ்வாப் போடு, தூக்கிராத, தூக்கிப் போட்டா அவ அடிச்சுருவா" என்று ஏதேதோ சொல்லிவிட்டுத் திரும்புகிறேன். அம்பயர் ஹோமில் குனிந்து பிரஷ்ஷால் மண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நிமிராமலேயே, "ஏம்மா, இது மூணாவது தடவ. இனி நடந்து போய்க் குடுத்தேன்னா அவங்களுக்கு ஒரு பால் சேத்துக் குடுத்துருவேன். எறிய வேண்டியதுதான?" என்கிறார்.

எறிய வேண்டியதுதான். அவர் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. சாப்பாட்டை விழுங்க வேண்டியதுதான், தூங்க வேண்டியதுதான். நான் உட்கார்கிறேன். கனி அடுத்ததையும் நன்றாகப் போட வேண்டும், எதிராளி அதை அடிக்க வேண்டும், உயரமாக அடிக்கட்டும், ரஹ்மத் பிடிக்கட்டும், யாராவது பிடிக்கட்டும், என் கையில் மட்டும் வந்து சேர வேண்டாம். முதல்முறையாகப் பந்து எனக்கு வரக் கூடாது என்று வேண்டுகிறேன், கேட்சராக உட்கார்ந்துகொண்டு. அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனால் என்ன? காலில் பிடிப்பு என்று விழுந்துவிடலாம், ஸ்ட்ரெச்சர் கொண்டுவருவார்கள், அப்பா கேலரியிலிருந்து இறங்கி ஓடிவருவார், பாவம், செருப்பைக்கூட விட்டுவிட்டு வருவார். எனக்குப் பதிலாக யாருண்டு? முதல் வருஷத்துப் பிள்ளை ஒன்று இருக்கிறது, பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும். கனியின் கை சுற்றுகிறது. கடவுளே. எதிராளி மட்டையைப் பாதி கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். பந்து என் கிளவில் அறைகிறது. பால் என்கிறார் அம்பயர், கொஞ்சம் வெளியே போயிருந்தது. என் கையில்தான் இருக்கிறது. பிடித்துவிட்டேன். ஏன் பிடித்தேன்.

எழுந்து நிற்கிறேன். நெட்டச்சி பேஸை விட்டு நாலைந்து எட்டு வந்து நிற்கிறாள், முட்டியை மடக்கி, குதிகாலைத் தூக்கி. அவர்களுடைய கோச் கோட்டுக்கு அப்பால் நின்றுகொண்டு அவளிடம் ஏதோ மெதுவாகச் சொல்கிறார், அவர் கண்ணும் என் தோளில் இருக்கிறது. சொல்லிவைத்திருக்கிறார்கள். அவள் கை முன்னே போனதும் ஓடு, பந்து எங்கே போகும் என்று அவளுக்கே தெரியாது என்று. நான் முறைத்துப் பார்த்தால் நெட்டச்சி பேஸுக்குத் திரும்ப வேண்டும், பயிற்சியில் அப்படித்தான் செய்வோம், முறைக்கிறேன், மாஸ்க்குக்குள் முறைத்து என்ன பிரயோஜனம், அவள் நகரவில்லை. சாரல் வலுக்கிறது. பந்து ஈரமாகிறது. ஈரமானால் நழுவும், நழுவினால் தலைக்கு மேலே, தலைக்கு மேலே என்றால் அந்தப் படம், கையை ஓங்கிக்கொண்டு நிற்கிறவளுக்கு என்ன தைரியம், அவள் எறிய வேண்டியதே இல்லையே. எத்தனை விரலால் பிடிப்பது, நான் இரண்டு விரலால் பிடிப்பேனா, மூன்றா, இத்தனை வருஷம் எதால் பிடித்தேன்? கனி கிளவைத் திறந்து நெஞ்சுக்கு நேரே வைத்திருக்கிறாள். கையைத் தூக்குகிறேன். இந்தாஆஆ. இவ்வளவு பேர் சேர்ந்து இழுத்து நான் கேட்டதில்லை, ஆம்பிளைக் குரல், பிள்ளைகள் குரல், மழைக்குள் அது தரை வழியாக ஏறி முட்டிக்கு வருகிறது. கை முன்னே போகிறது, திற, விரலைத் திற, இப்போது, இல்லை, இப்போது, கை காதைத் தாண்டிவிட்டது, தோளைத் தாண்டிவிட்டது, முழுவதும் நீண்டு இறங்கிவிட்டது, வாங்கிக்கோ என்று ஊர் கத்திவிட்டது. விரல் திறக்கவில்லை. பந்து என் கையிலேயே இருக்கிறது. கனி எதையோ பிடிக்கப் போனவள் பிடிக்காமல் நிற்கிறாள். கத்தின ஊருக்குப் பழக்க தோஷம், நேரமானதும் கத்திவிட்டது. அந்தச் சத்தத்துக்கு நெட்டச்சி கிளம்பிவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு, பந்து பறந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு, முழு வேகத்தில் என்னிடமே ஓடிவருகிறாள். யோசிக்க நேரமில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தபோது நான் கோட்டின்மேல் நிற்கிறேன், பந்தை இரண்டு கையாலும் பிடித்து அவள் தோளில் அழுத்துகிறேன், இரண்டு பேரும் செம்மண்ணில் உருள்கிறோம், அம்பயர் முஷ்டியை உயர்த்துகிறார். அவுட். மூன்றாவது அவுட்.

முடிந்துவிட்டது. மேலே யார்யாரோ விழுகிறார்கள், ரஹ்மத் என் மாஸ்க்கைப் பிடுங்கி எறிகிறாள், யாருடைய பல்லோ என் நெற்றியில் இடிக்கிறது, கிழக்குக் கேட் பக்கமிருந்து வேட்டு வெடிக்கிற சத்தம், மழையில் எப்படி வெடிக்கிறார்கள். தங்கபுஷ்பம் மிஸ் ஓடிவந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "என்ன மூளைட்டி ஒனக்கு! எறியுத மாதிரி எறியாம வச்சு ஏமாத்திட்டியே! நான் சொல்லிக் குடுக்கவே இல்லியே!" என்று கத்துகிறார், மைக்கில் ஒருவன் தந்திரம், தந்திரம் என்று அலறுகிறான், நெட்டச்சி மண்ணில் உட்கார்ந்தபடியே தன் கோச்சிடம் என்னைக் காட்டி, ஏமாத்திட்டா சார் என்று அழுகிறாள். இல்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. உன்னை ஏமாற்றவில்லை, என்னால் முடியவில்லை, நீ நினைத்தது சரிதான். எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும் வாயைத் திறந்து வைத்திருக்கிறேன், சிரிப்பு மாதிரி இருக்கும். ஜெயித்தால் இந்தப் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன், ஜெயித்துவிட்டோம், அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது, அடுத்த மாசம் சென்னையில் இதைவிடப் பெரிய மைதானம், இந்த ஊரே வேன் பிடித்து வரும், இனி நான் எறியாவிட்டால் தந்திரம் என்பார்கள், எறிந்தால் பாடுவார்கள். சேனல்காரன் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு முழங்கால் போட்டு உட்கார்கிறான். கேலரி மறுபடி ஆரம்பிக்கிறது. இந்தாஆஆ.

"ஒரு தடவ எறிஞ்சு காட்டுட்டி, அவங்க ஆசப்படுதாங்க" என்கிறார் மிஸ். "கனி, நீ அங்க போய் நில்லு."

கனி போகவில்லை. என் முன்னால் வந்து நின்று, என் வலது கையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கிறாள். பந்து இன்னும் அதில்தான் இருக்கிறது. நான் விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் இழுத்துப் பார்க்கிறாள், வரவில்லை. பெருவிரலை முதலில் பிரிக்கிறாள், பிறகு சுண்டுவிரலை, வலிக்கிறது, பிறகு மற்றதையும் ஒவ்வொன்றாக. பந்தை எடுத்துத் தன் கிளவுக்குள் போட்டு அக்குளில் இடுக்கிக்கொள்கிறாள்.

"அவ எறிய மாட்டா, மிஸ்" என்கிறாள்.

"ஏம்ட்டி? கை வலிக்கா?" மிஸ் என்னைப் பார்க்கிறார், ரஹ்மத் பார்க்கிறாள், கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு பார்க்கிறது. கை வலிக்கிறது என்று சொல்லிவிடலாம். பிரித்த விரல்கள் சிவந்திருக்கின்றன, அதைக் காட்டினாலே நம்பிவிடுவார். கேலரி விடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது, மூச்சு முட்டியவர்கள் நிறுத்திவிட்டு மறுபடி சேர்ந்துகொள்கிறார்கள்.

"பயமா இருக்கு மிஸ்" என்கிறேன்.

கூச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. என்ன, என்ன என்று காதை என் வாய்ப்பக்கம் கொண்டுவருகிறார். நான் மறுபடியும் சொல்கிறேன்.